காயும்போது இழுக்கும் ஜெலட்டின்

மதுரை தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில், ஸ்டூடியோ வேலையை விட்டு வீட்டோடு இருக்கும் பெரியவர் ஒருவர் இன்னும் கறுப்பு வெள்ளைப் படங்களைக் கையால் பிரிண்ட் போடுகிறார். குளியலறைதான் டார்க்ரூம். அவர் படங்களைக் காயவைக்கும் விதத்தைப் பார்க்கவே போயிருந்தேன். நன்றாகப் பிரிண்ட் போடத் தெரிந்தவர்கள்கூடக் கோட்டைவிடும் இடம் அது.

சிக்கல் காகிதத்தின் உடம்பிலேயே இருக்கிறது. ஃபைபர் பேப்பரில் அடியில் வெறும் காகிதம், அதன்மேல் பேரியம் சல்பேட் பூச்சு, அதற்கும் மேலே படத்தைத் தாங்கும் ஜெலட்டின். படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ ரசாயனம் போக ஒரு மணி நேரம் கழுவினால் எல்லாமே நீர் குடித்து உப்பிவிடும். காயும்போது காகிதத்தைவிட ஜெலட்டின் அதிகமாகச் சுருங்குகிறது. அது இழுக்கும் பக்கம் தாள் வளைகிறது. ஆர்.சி. பேப்பருக்கு இந்தத் தொல்லை கிடையாது. இருபுறமும் பிளாஸ்டிக் படலம் இருப்பதால் கிளிப்பில் மாட்டினாலே காய்ந்துவிடும்.

ஊட்டியில் 1960இல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ பேப்பரில்தான் இவர் கைபழகினார். அன்று ஸ்டூடியோவில் சுருளும் பேச்சே எழாது. கிளேசிங் மெஷின் இருந்தது. குரோமியம் பூசிய பளபளப்பான தகட்டில் ஈரப் படத்தைக் குப்புறப் போட்டு, ரோலர் ஓட்டி, கேன்வாஸ் துணியை இழுத்து மூடிச் சூடேற்றுவார்கள். காய்ந்ததும் படம் ‘டப்’பென்று தானே பிரியும். தகட்டில் காற்று சிக்கினால் மட்டும் அந்த இடம் பளபளப்பில்லாமல் தழும்பாக நிற்கும். அவசரத்துக்கு அது நல்ல வழிதான். ஆனால் முன்னால் வந்த படத்தைச் சரியாகக் கழுவியிருக்காவிட்டால், அதன் ஹைப்போ துணியில் தங்கி அடுத்தடுத்த படங்களில் ஏறும். சில ஆண்டுகளில் அவை பழுப்பேறும். இவர் மெஷினை வீட்டுக்குக் கொண்டுவராததற்கு அதுதான் காரணம்.

இப்போது அவரிடம் இருப்பது தடித்த கண்ணாடி ஒன்று. அதைச் சாய்த்து வைத்து, கழுவிய படத்தை முகம் மேலாகப் படுக்கவைத்து, கார் வைப்பரின் ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரே சீராக நீரைத் தள்ளினார். ஈர ஜெலட்டினில் நகம் பட்டாலே கீறல் விழும். அவருடைய விரல்கள் வெள்ளை ஓரத்தைத் தாண்டவில்லை. பக்கத்தில் அவர் மனைவி, தண்ணீர் பட்டால் ஒட்டும் பழுப்புக் காகித டேப்பை ஸ்பாஞ்சில் நனைத்து நீட்டிக்கொண்டிருந்தார். ஈரம் கூடினால் பசை கழுவிக்கொண்டு போகும். குறைந்தால் டேப் ராத்திரியில் விட்டுக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் விட்டால் மற்ற மூன்று பக்கமும் இழுத்துப் படத்தைக் கிழித்துவிடக்கூடும். எனவே அந்த வேலையை அந்த அம்மா யாரிடமும் விடுவதில்லை.

நான்கு ஓரமும் ஒட்டியதும் கண்ணாடியைச் சுவரோரம் நிறுத்தினார்கள். நான் ஃபேன் சுவிட்சைத் தேடியதைப் பார்த்த அம்மா, “காத்து பட்டா ஓரம் முதல்ல காஞ்சுரும் தம்பி. நடுவுல ஈரம் நிக்கும். அப்புறம் அலை அலையா நெளியும்” என்றார். மதுரை வெயில் காலத்தில் ஜன்னலையும் சாத்திவிடுகிறார்களாம். சூடும் காற்றும் இல்லாமல் மெதுவாகக் காய்வதுதான் இதில் பாதி வேலை.

காலையில் போய்ப் பார்த்தேன். தவில் தோல்போல விறைத்து நின்றது படம். டேப்புக்கு உட்புறமாகப் பிளேடால் வெட்டி எடுத்தார். மேசையில் போட்டால் நான்கு மூலையும் படிந்து கிடந்தது. இந்த வழிக்கு ஓரம் பலியாகும். அதனால்தான் பிரிண்ட் போடும்போதே சுற்றிலும் ஓர் அங்குலம் வெள்ளை விடுகிறார்.

மற்றப் படங்களைக் கொசுவலை அடித்த மரச்சட்டத்தில் குப்புறக் காயவைத்து, சுத்தமான வெள்ளைத் தாள்களுக்கிடையே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்குகிறார். செய்தித்தாள் ஆகாது, மை ஒட்டும். வீட்டில் புதிதாகத் தொடங்குபவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். சட்டம் போட்டு மாட்டப்போகும் படத்துக்குக் கண்ணாடிதான் சரி என்பது நான் பார்த்தவரையில் என் முடிவு.

ஒரு வேண்டுகோள். தாத்தா காலத்துப் படம் வீட்டுப் பெட்டிக்குள் சுருண்டு கிடந்தால், கையால் விரித்து நிமிர்த்தாதீர்கள். உலர்ந்த ஜெலட்டின் வெடிக்கும். அந்த விரிசல் மறையாது. இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம். கையால் வண்ணம் தீட்டிய படமென்றால் நனைக்கவும் வேண்டாம். பழைய படங்களைச் சீர்செய்யத் தெரிந்தவர் கிடைக்கும்வரை சுருண்டபடியே இருக்கட்டும்.