எழுதப் படிக்கத் தெரியாத என் நன்னி



நாற்பது வயதைக் கடந்து, இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகு, நான் மீண்டும் மாணவியானேன். நூலக, தகவல் அறிவியல் முதுகலைப் படிப்பில் என் முதற்பருவம் அண்மையில்தான் நிறைவுற்றது. “புத்தகம் எடுத்துக் கொடுப்பதற்கு ஒரு பட்டமா?” என்று உறவினர் சிலர் கேட்டனர். உண்மையைச் சொல்வதானால், சேர்ந்தபோது எனக்கும் அந்த ஐயம் இருந்தது. அது நீங்கிய விதத்தையும், நான் செய்திருந்த ஒரு பிழையை அப்படிப்பு எனக்கு உணர்த்திய விதத்தையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறேன்.

முதல் வாரத்திலேயே எங்களுக்கு அறிமுகமானவர், 1892இல் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணிதப் பேராசிரியராக இருந்த அவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் நூலகத்திற்கென ஐந்து விதிகளை வகுத்தார். நூல்கள் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதியின் கருத்து. ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் எங்கோ இருக்கிறார், அவரிடம் அதைச் சேர்ப்பதே நூலகரின் கடமை என்பது மூன்றாவது விதியின் கருத்து. பருவம் முழுவதும் என்னைத் துரத்தியது இந்த மூன்றாவது விதிதான்.

அடுத்து நூற்பகுப்பு. அமெரிக்கரான மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட பகுப்பு முறை, அறிவனைத்தையும் பத்துப் பெரும் வகுப்புகளாகப் பிரிக்கிறது. அதில் சமயத்திற்குரியது 200ஆம் வகுப்பு. அவ்வகுப்பின் பெரும்பகுதி கிறித்தவத்திற்கே ஒதுக்கப்பட்டிருக்க, இஸ்லாத்திற்குக் கிடைத்தது 297 என்னும் ஒரே எண். இதைக் கேட்டு என் முகம் வாடியதைக் கண்ட பேராசிரியர், மறுநாள் பக்தாதின் இப்னு நதீமைப் பற்றிப் பாடம் நடத்தினார். நூல்களோடு தொழில் செய்த அவர், கி.பி. 987 அளவில் ‘அல்ஃபிஹ்ரிஸ்த்’ என்னும் நூற்பட்டியலைத் தொகுத்தார். அதுவும் பத்துப் பகுதிகளைக் கொண்டதே. அதன் முற்பகுதிகளை நிறைப்பவை அரபுக் கல்வியும் இஸ்லாமியக் கல்வியும். பட்டியல் தயாரிப்பவர் எவராயினும், தாம் அமர்ந்திருக்கும் இடத்திலிருந்தே உலகைக் காண்கிறார் என்று பேராசிரியர் கூறினார். இப்னு நதீம் தம் நூலைப் பல்வேறு மக்களின் மொழிகளையும் எழுத்து முறைகளையும் விவரித்துத் தொடங்கினார் என்பதையும் சேர்த்துச் சொன்னார். அதன் அருமை அன்று எனக்கு விளங்கவில்லை.

பருவத்தின் நடுவே ஒரு செய்முறைப் பயிற்சி வந்தது. எந்த நூலகத்திலும் இடம்பெறாத பழைய நூல் அல்லது கையெழுத்துப் படி ஒன்றை, எங்கள் குடும்பங்களிலிருந்தே தேடி எடுத்துப் பதிவு செய்ய வேண்டும்.

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் உள்ள எங்கள் ஊருக்குச் சென்றேன். என் தாயைப் பெற்ற நன்னியின் மரப்பெட்டி நினைவுக்கு வந்தது. ஆனால் அதனுள் ஒன்றும் இல்லை. 2009இல் நன்னி மவுத்தானபின், அதிலிருந்த பழைய ஏடுகளையெல்லாம் வெள்ளைத் துணியில் கட்டியவளே நான்தான். அரபு எழுத்துகள் காலடியில் பட்டுவிடக் கூடாதே என்ற மரியாதையால், மாமா அந்த மூட்டையைப் படகில் கொண்டுசென்று கடலில் இறக்கிவிட்டு வந்தார். நம் ஊர்களில் வழிவழியாக நடப்பதுதான்.

வெறுங்கையோடு திரும்ப மனமின்றி, நன்னியின் தங்கையைப் பார்க்கப் போனேன். சின்ன நன்னி தம் பெட்டியிலிருந்து நோட்டு ஒன்றை எடுத்துத் தந்தார். இராமபாணப் பூச்சி அரித்த ஓரங்கள். உள்ளே முழுவதும் அரபு எழுத்து.

“இது என்ன கிதாபு, சின்ன நன்னி?” என்றேன்.

“கிதாபு இல்ல புள்ள. உங்க நன்னி எழுதுனது. தமிழுதான். உனக்கு வாசிக்கத் தெரியலையா?”

எனக்குத் தெரியவில்லை. குர்ஆன் ஓதத் தெரிந்த என்னால் அந்தப் பக்கத்தில் இரண்டு சொற்களைக்கூடச் சேர்த்துப் படிக்க இயலவில்லை. அரபியில் இல்லாத ட, ப, ங, ஞ போன்ற தமிழ் ஒலிகளுக்காக, அரபு எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளிகளைக் கூட்டி நம் முன்னோர் அமைத்துக்கொண்டதே அரபுத் தமிழ். சின்ன நன்னி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலால் தொட்டுத் தொட்டு வலமிருந்து இடமாக வாசித்தார். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காய மருந்தின் அளவுகள். கைமாற்றாகக் கொடுத்த நெல்லின் கணக்கு. குடும்பத்தில் நிகழ்ந்த பிறப்பு, இறப்புகள்.

ஓரிடத்தில் அவர் நிறுத்தி, என்னை நிமிர்ந்து பார்த்தார். ஹிஜ்ரி 1403, ரஜப் மாதம், பஜ்ருக்குப் பின் பெண் குழந்தை. தாய் மிகவும் தளர்ந்துவிட்டாள். இரு உயிரையும் காத்த இறைவனுக்கே புகழ். அக்குழந்தை நான்.

வாசக அன்பர்களே, இனித்தான் என் பிழையைச் சொல்ல வேண்டும். 2001 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர் எங்கள் வீட்டிற்கு வந்தார். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த நான், பெருமையோடு எல்லாக் கேள்விகளுக்கும் விடையளித்தேன். “பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?” என்று அவர் கேட்டார். “தெரியாது” என்றேன். தூணருகே அமர்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த நன்னியின் காதில் அது விழுந்தது. அவர் மறுத்து ஒரு சொல்லும் கூறவில்லை.

அக்கணக்கெடுப்பின் இலக்கணத்தைச் சென்ற பருவத்தில் வகுப்பில் படித்தேன். ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ள ஒருவர், எந்த மொழியிலேனும் பொருளுணர்ந்து எழுதவும் படிக்கவும் வல்லவராயின், அவர் எழுத்தறிவுடையவரே. அவ்வாறாயின் என் நன்னியை எழுத்தறிவற்றவராக்கியது அரசின் விதியன்று, என் வாய்ச்சொல். தகவல் பிழையாவது பெரும்பாலும் கணினியில் அன்று, கேட்பவரும் சொல்பவரும் சந்திக்கும் வாசற்படியில்தான் என்பதை வேறெந்தப் பாடமும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் கற்பித்திருக்காது.

நோட்டைப் பதிவு செய்ய அமர்ந்தேன். அரபு எழுத்தில் இருப்பதால் 297இல் வைக்கத்தான் முதலில் கை சென்றது. ஆனால் நூலின் இடத்தை முடிவு செய்வது அதன் பொருளேயன்றி எழுத்தன்று. கணினிப் பட்டியலில் மொழியைக் குறிக்க ஓரிடமும், எழுத்து வடிவத்தைக் குறிக்க வேறோரிடமும் உண்டு. மொழி: தமிழ். எழுத்து: அரபு. ஆசிரியர் என்னும் இடத்தில் நன்னியின் முழுப் பெயரை எழுதினேன். கடலுக்குச் சென்ற மூட்டையில் இப்படி எத்தனை நோட்டுகள் இருந்தனவோ! அதை நினைத்தால் இன்றும் உறக்கம் கலைகிறது.

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கலாம். அரபு எழுத்தில் உள்ளவை அனைத்தும் அரபு மொழி அல்ல. அவற்றைக் கடலிலோ மண்ணிலோ சேர்க்குமுன், அரபுத் தமிழ் அறிந்த மூத்தவர் ஒருவரிடமோ ஆலிம் ஒருவரிடமோ காட்டுங்கள். அவர் வாசிப்பதை உங்கள் கைபேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். பக்கங்களைப் படமெடுத்து வையுங்கள். கிழிந்த தாளில் செல்லோ டேப்பை ஒட்டாதீர்கள். அதன் பசை நாளடைவில் மஞ்சளித்துத் தாளையே தின்றுவிடும். ஈரத் தரையில் வைக்காமல், காற்றோட்டமான அலமாரியில் வையுங்கள்.

இப்போது வாரந்தோறும் சின்ன நன்னியிடம் தொலைபேசி வழியே எழுத்து எழுத்தாக அரபுத் தமிழ் பயின்று வருகிறேன். அவருக்கு வயது எண்பத்து நான்கு. அந்த நோட்டை வாசிக்கத் தெரிந்தவர் எங்கள் குடும்பத்தில் இன்று அவர் ஒருவரே. அடுத்த பருவம் முடிவதற்குள் இருவர் ஆகிவிட வேண்டும். அதற்காக துஆச் செய்யுங்கள்.