பலாப்பிஞ்சும் மல்லாட்டையும் போட்டு ஒரு கொத்துக்கறி

தை பிறந்தா எங்க பண்ருட்டிப் பக்கம் செம்மண் கொல்லையில பலா மரமெல்லாம் பிஞ்சு விட்டு நிக்கும். ஒரே காம்புல மூணு நாலுன்னு கொத்தா பிடிச்சா அத்தனையையும் விட்டுவைக்க முடியாது. கோணலா இருக்கறதையும் நெருக்கமா இருக்கறதையும் கழிச்சாத்தான் மிச்சம் பெருக்கும். முன்னெல்லாம் கழிச்ச பிஞ்சு மாட்டுக்குத்தான் போகும். இப்போ ரெண்டு வருஷமா எங்க வீட்டு அடுப்புக்கு வருது.

காரணம் அப்பா. இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு ஆட்டுக்கறியை நிறுத்தச் சொல்லிவிட்டார் டாக்டர். ஊர்ல ஆடு அடிச்சா விடியக்காலையிலேயே போய் நல்ல கூறா பார்த்து வாங்கி வர்ற மனுஷன். ஒரு வார்த்தை முணுமுணுக்கல. ஆனா ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கே ரசஞ்சோறு சாப்பிட்டுட்டு கொல்லைக்குப் போயிடுவார். தாளிப்பு வாசனை அடங்கினப்புறம்தான் திரும்பி வருவார். எங்களுக்கும் கறி தொண்டையில இறங்கல. "எல்லாருக்கும் ஒரே சட்டியில ஆக்கணும்டா" என்றாள் அம்மா.

மீல் மேக்கர் போட்டுப் பார்த்தோம். அப்பா ரெண்டு வாய்க்கு மேல் தொடவில்லை. அப்புறம்தான் கையில் இருக்கிற பிஞ்சையும் மல்லாட்டையையும் சேர்த்துப் பார்க்கலாமே என்று தோன்றியது.

அஞ்சு பேருக்குக் கணக்கு: தோலும் நடுத்தண்டும் நீக்கின பிஞ்சு அரை கிலோ, வறுத்த மல்லாட்டை 150 கிராம், முந்திரிக் குருணை 50 கிராம், சிப்பிக் காளான் 100 கிராம், சின்ன வெங்காயம் 200 கிராம். பிஞ்சில் நார் இருக்கும், புரதம் அதிகம் கிடையாது. அதுக்குத்தான் மல்லாட்டை, 100 கிராமில் ஏறக்குறைய 25 கிராம் புரதம். முந்திரி, கறியில் இருக்கிற கொழுப்பின் வழவழப்பைக் கொடுக்கும். காளான் அடிநாக்கில் நிற்கிற ருசிக்கு.

கத்தியிலும் கையிலும் எண்ணெய் தடவிக்கிட்டு பிஞ்சை நறுக்குங்க, இல்லேன்னா பால் ஒட்டிக்கும். மஞ்சள் போட்டு குக்கரில் ஒரே விசில். அதுக்கு மேல போனா குழைஞ்சுடும். ஆறினதும் துணியில கட்டி நல்லா பிழிஞ்சு, அம்மியில ஒண்ணு ரெண்டா தட்டிக்குங்க. மல்லாட்டையைத் தோல் நீக்கி, நொய் அளவுக்கு உடைச்சா போதும். மிக்சியில ஓட விட்டா எண்ணெய் கக்கி விழுதாயிடும்.

ஒரு விஷயம். சுருங்கினது, கறுத்தது, பூசணம் பிடிச்சது எதையும் சேர்க்காதீங்க. அதில் இருக்கிற அஃப்ளாடாக்சின் ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுசா போகாது.

இரும்புச் சட்டியில் எண்ணெய் விடாமல் பிஞ்சையும் நறுக்கிய காளானையும் ஈரம் வற்றி உதிரியாகும் வரை வறுக்கணும். பக்குவமே இதில்தான் இருக்கு. ஈரம் இருந்தா கூட்டு மாதிரி ஆயிடும். எடுத்து வெச்சுட்டு, கொஞ்சம் கடலெண்ணெயில் சோம்பு, பட்டை, கிராம்பு, வெங்காயம், இஞ்சி பூண்டு, தக்காளி வதக்கி, மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் போட்டு, வறுத்ததைக் கொட்டிக் கிளறுங்க. உடைச்ச மல்லாட்டையும் முந்திரியும் கடைசியில்.

இது கறிக்குச் சரிசமம் என்று சொல்ல மாட்டேன். பி12 சத்து இதில் கிடையாது, அதுக்குப் பாலோ முட்டையோ வேணும். சிறுநீரகக் கோளாறு உள்ளவங்க டாக்டரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம். பலாவில் பொட்டாசியம் உண்டு.

முதல் நாள் அப்பாவிடம் எதையும் மறைக்கல. "பலாப்பிஞ்சுப்பா" என்று சொல்லித்தான் வைத்தோம். பிசைஞ்சு ஒரு வாய் போட்டுட்டு, "உப்பு கம்மி" என்றார். "கம்மியாத்தான் இருக்கும்" என்றாள் அம்மா. மறு சோறு வாங்கினார். இப்போ சனிக்கிழமை சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து மல்லாட்டை உரிச்சு, சொத்தை பொறுக்குறது அவர் வேலை. எந்தப் பிஞ்சைக் கழிக்கணும்னு கைகாட்டுறதும் அவர்தான். ஞாயித்துக்கிழமை மத்தியானம் எல்லாருக்கும் சேர்த்தே இலை போடறோம்.

பங்குனி பாதியோட பிஞ்சு முடிஞ்சுடும். கொட்டை முத்திட்டா இந்தப் பக்குவம் வராது. அப்புறம் வாழைப்பூதான். அதில் கள்ளன் எடுத்து, மோரில் போட்டுச் செய்கிற விதத்தை அடுத்த பதிவில் எழுதுறேன்.