வழியில் தொலைகிற வோல்ட்

ஓசூரில் எல்லா வோல்ட்டும் உண்டு. டைட்டன் ஆலையில் உருவாகும் குவார்ட்ஸ் கடிகாரத்துக்குள் உட்காரும் பொத்தான் பேட்டரி ஒன்றரை வோல்ட். அசோக் லேலண்ட் ஆலையின் கனரக லாரிகளுக்கு 24 வோல்ட். ஏத்தர் ஸ்கூட்டர்கள் சுமார் 50 வோல்ட்டில் ஓடுகின்றன. 1980-ல் இதே ஊரிலிருந்து புறப்பட்ட டி.வி.எஸ். 50-க்கோ பேட்டரியே கிடையாது. மேக்னெட்டோவின் காயில் நேரடியாக விளக்கை எரித்தது. ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் வெளிச்சம், விட்டால் மங்கல். பேட்டரி செய்யும் எக்ஸைடு ஆலை இங்கே இருக்கிறது. மேக்னெட்டோவும் சி.டி.ஐ.யும் செய்யும் இந்தியா நிப்பான் இருக்கிறது. இவ்வளவும் இருக்கிற ஊரில், பாகலூர் ரோடு, ராயக்கோட்டை ரோடு என்று கடைகடையாக ஏறி இறங்கியும் எனக்குக் கிடைக்காதது வண்டிக்குப் போடும் பெரிய ஆறு வோல்ட் பேட்டரி. எமர்ஜென்சி லைட்டுக்கான கையடக்க ஆறு வோல்ட்டைத்தான் எடுத்து நீட்டினார்கள்.

என்னிடம் இருப்பது போர்க்கால வில்லிஸ் ஜீப். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ராணுவ டிஸ்போசலில் ஏலம்போய் ஊர் ஊராகப் பரவிய வண்டிகளில் ஒன்று. 1947-ல் மஹிந்திரா பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கியது அதற்கப்புறம்தான். தளி, அஞ்செட்டி பக்கத்து மலைப்பாதைகளுக்கு ஜீப்பை விட்டால் வேறு வண்டி ஒத்துவராத காலம் ஒன்று இருந்தது. அறுபது குதிரைத்திறன் எஞ்சின், கையால் ஆட்டுகிற வைப்பர், தரையில் காலால் மிதிக்கிற செல்ஃப் சுவிட்ச். மின்சாரத்துக்கு இதில் வேலை குறைவு. டேஷ்போர்டு மீட்டர்களில் ஆயில் பிரஷரும் டெம்பரேச்சரும் மின்சாரம் இல்லாமலே வேலை செய்பவை. ஆம்பியர் மீட்டரையும் பெட்ரோல் மீட்டரையும்தான் வயர் தொடுகிறது.

அந்தக் காலத்து அமெரிக்க வண்டிகள் பெரும்பாலும் ஆறு வோல்ட். நம்மூரில் பிளசர் கார் என்று சொன்னார்களே, அந்தச் செவ்ரலே, டாட்ஜ், பிளிமத், ஃபோர்டு எல்லாமே அப்படித்தான். பிரிட்டிஷ் வழி வந்த மாரிஸ் மைனரும் அம்பாசடரும் பன்னிரண்டில் இருந்தன. செவ்ரலே 1955 மாடலில் பன்னிரண்டுக்குப் போனது, ஃபோர்டு 1956-ல். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் 1967 மாடல் வரை காத்திருந்தது. ஜீப்பின் கதை இன்னும் விசித்திரம். போர்க்கால வில்லிஸ் ஆறு வோல்ட். அதன் வாரிசாக 1950-ல் வந்த ராணுவ எம்-38 ஒரே தாவலில் 24 வோல்ட். பின்னால் வந்த சிவிலியன் ஜீப்புகள் நடுவழியில் பன்னிரண்டில் நின்றன. கிட்டத்தட்ட அதே எஞ்சின்தான், வேலை மாறியதால் வோல்ட் மாறியது. வோல்ட்டைக் கூட்டுவது ஏதோ இன்றைய யோசனை என்று நினைக்க வேண்டாம். 1912-ல் செல்ஃப் ஸ்டார்ட்டரோடு வந்த முதல் காடிலாக்கில், ஸ்டார்ட் ஆகும்போது 24 வோல்ட்டும் விளக்குக்கு ஆறு வோல்ட்டும் வரும்படி பேட்டரிகளை மாற்றி இணைக்கும் ஏற்பாட்டை, அந்த ஸ்டார்ட்டரை உருவாக்கிய கெட்டரிங் செய்திருந்தார்.

ஆறு வோல்ட் என்றால் மூன்று செல். ஈயத் தகடும் ஆசிடும் சேர்ந்த ஒரு செல் இரண்டு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல் தரும். மூன்றை வரிசையில் கோத்தால் 6.3, ஆறைக் கோத்தால் 12.6. பழைய பேட்டரியில் இதைக் கண்ணாலேயே எண்ணலாம். கறுப்பு ரப்பர் பெட்டி, மேலே தார் ஊற்றி மூடியிருக்கும், செல்லிலிருந்து செல்லுக்கு ஈயப் பட்டை வெளியே தெரியும். ஒரு செல் செத்தால் பேட்டரிக் கடைக்காரர் தாரைச் சூடாக்கி வழித்துவிட்டு, தகட்டுக் கட்டை அப்படியே உருவி, புதுத் தகடும் மரச் செபரேட்டரும் வைத்து ஈயம் உருக்கிப் பட்டையை ஒட்டிக் கொடுப்பார். இன்றைய பேட்டரிப் பெட்டி ஒரே வார்ப்பு. உள்ளே எந்தச் செல் போனாலும் மொத்தத்தையும் எடைக்குப் போட வேண்டியதுதான். பழசைப் பிரித்துக் கட்டும் அந்த வேலை போனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அந்தக் கடைகளில் ஈயப் புகையை மூச்சாக இழுத்தவர்களை நினைத்தால், போனது நல்லதுக்கு என்றும் சொல்லத்தான் வேண்டும்.

ஜீப்பின் குறை, ஆறு வோல்ட் வண்டி வைத்திருக்கும் எல்லோரும் சொல்கிற அதே குறை. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழிக் காலையில் ஆயில் கெட்டியாகிக் கிடக்கும், செல்ஃபை மிதித்தால் எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றி முனகி நின்றுவிடும். ஹேண்டில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். இரவில் ஹெட்லைட் மஞ்சளாக எரியும். பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றே: பன்னிரண்டுக்கு மாத்திடுங்க.

தேன்கனிக்கோட்டை ரோட்டில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். வயதானவர், பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, மாற்ற வேண்டும் என்றேன். அவர் பேட்டரியைப் பார்க்கவில்லை. மல்ட்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் இன்னொன்றை எஞ்சின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு, “சார், மிதிங்க” என்றார். மிதித்தேன். ஒரே இரும்போடு ஒரே இரும்பாக இருக்க வேண்டிய அந்த இரண்டு இடங்களுக்கு நடுவில் மீட்டர் ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

“வோல்ட்டு கம்மி இல்ல சார், வழி சரியில்ல. ஆறுல ஒண்ணை இங்கயே தின்னுடுது. பன்னெண்டு போட்டாலும் இது தின்னத்தான் தின்னும்.”

ஜீப் எஞ்சின் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. சேஸிஸுக்கும் எஞ்சினுக்கும் மின்சாரத் தொடர்பு பின்னல் பட்டை ஒன்றுதான். பாய் அதன் போல்ட்டைக் கழற்றினார். பட்டையின் காதுக்கடியில் பெயிண்ட், அதற்கடியில் செதில் செதிலாகத் துரு, பின்னலில் பாதிக்கு மேல் பச்சை பூத்துப் பொடியாகியிருந்தது. யாரோ எப்போதோ பேட்டரி கேபிளையும் மாற்றியிருக்கிறார்கள். கட்டைவிரல் பருமனில் இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு வோல்ட் காரின் மெல்லிய கேபிள்.

கணக்குப் போட்டால் பாய் சொன்னதன் முழு எடையும் தெரியும். செல்ஃப் மோட்டார் எஞ்சினைச் சுற்றும்போது 200 ஆம்பியர் இழுப்பது சாதாரணம். வழியில் ஒரு ஓமில் ஆயிரத்தில் ஐந்து பங்கு தடை இருந்தால் போதும், ஒரு வோல்ட் காலி. அந்தத் தடையை ஒரு துருப் படலமே தந்துவிடும். விளக்கிலும் இதுதான் நடக்கிறது. 36 வாட் பல்பு ஆறு வோல்ட்டில் ஆறு ஆம்பியர் இழுக்கும். போகும் வயரும் திரும்பும் எர்த்தும் சேர்ந்து ஒரு வோல்ட்டைத் தின்றால் பல்புக்கு மிஞ்சுவது ஐந்து. ஃபிலமென்ட் பல்பின் வெளிச்சம் வோல்ட்டோடு சமமாகக் குறையாது, பல மடங்கு வேகமாகக் குறையும். ஆறில் ஒரு பங்கு வோல்ட் போனால் வெளிச்சத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். அதே 36 வாட்டைப் பன்னிரண்டு வோல்ட்டில் எரித்தால் ஆம்பியர் மூன்றாகிறது. அதே வயரில் இழப்பு அரை வோல்ட், அதுவும் பன்னிரண்டில் அரை. வெளிச்சம் நூற்றுக்கு எண்பத்தைந்துக்குக் குறையாது. கெலமங்கலம் பக்கத்து ரோஜாத் தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாயின் கடைசிச் செடிக்குத் தண்ணீர் வராவிட்டால் முதலில் குழாயில் ஒழுகலைத் தேடுவார்கள், மோட்டாரை மாற்றப் போகமாட்டார்கள். வண்டியில் மட்டும் நாம் ஏன் நேரே மோட்டாரை மாற்றப் போகிறோம்?

எர்த் இடங்களை எல்லாம் இரும்பு பளிச்சிடும்வரை சுரண்டி, புதுப் பின்னல் பட்டையும் கனமான கேபிளும் போட்டு, மேலே வாஸ்லின் தடவினார் பாய். ஹெட்லைட் வெளிச்சத்தில் அன்றைக்கே மாற்றம் தெரிந்தது. செல்ஃப் குளிர்காலைக்கும் ஒத்துக்கொண்டது. வோல்ட்டைக் கூட்ட நினைக்கிற எவரும் இந்த வேலையை முடிக்காமல் அடுத்ததைத் தொடக்கூடாது என்று நினைக்கிறேன். எர்த் கெட்டுக் கிடக்கும் வண்டியில் பன்னிரண்டு வோல்ட் போட்டால் நோய் மறையும், தீராது.

அப்படியானால் மாற்றியது ஏன்? பேட்டரி கிடைக்காததால். வெளியூரிலிருந்து தருவித்தாலும் பாதி வழியில் நின்றால் மாற்றுக்கு எந்தக் கடையிலும் இல்லை. பல்பும் அப்படியே. இந்த ஜீப் கண்ணாடி அலமாரியில் நிற்கப்போவதில்லை. சூளகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் போகவர தேசிய நெடுஞ்சாலை 44-ல் இரவில் ஓட வேண்டும், எதிரே வரும் லாரிகளின் விளக்குக்கு நடுவில் தன் பாதையைத் தானே பார்க்க வேண்டும், பின்னால் வருபவனுக்கு அதன் பிரேக் லைட் தெரிய வேண்டும்.

எப்படி மாற்றுவது என்பதில் இரண்டு வழி. அத்திப்பள்ளியைத் தாண்டி பெங்களூரு ஜே.சி. ரோடு போனால் பன்னிரண்டு வோல்ட் ஆல்டர்நேட்டர் கையோடு கிடைக்கும். பிராக்கெட் வெல்டிங் செய்து மாட்டிவிடலாம். பெரும்பாலோர் செய்வது இதுதான், மின்சாரமும் தாராளமாக வரும். எனக்கு மனம் வரவில்லை. பானட்டைத் திறந்தால் அந்த நீளமான ஆட்டோ-லைட் டைனமோ அங்கே இருக்க வேண்டும். சிப்காட்டின் மோட்டார்களுக்கு வைண்டிங் கட்டிக் கட்டிப் பழகிய கைகள் இந்த ஊரில் ஏராளம். அவர்களில் ஒருவரிடம் டைனமோவைக் கொடுத்தேன்.

நான் கூடவே உட்கார்ந்து பார்த்த வேலை அது. ஆர்மேச்சரின் காடிகளிலிருந்து கருகிய கம்பியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து, எண்ணி, பழைய நோட்டில் குறித்துக்கொண்டார். அதே வேகத்தில் இரண்டு மடங்கு வோல்ட் வேண்டுமானால் சுற்று இரண்டு மடங்காக வேண்டும். காடியில் இருக்கும் இடமோ அதேதான். ஆகவே கம்பியின் குறுக்குப் பரப்பு பாதி. விட்டம் பாதியாக அல்ல, பத்தில் ஏழு பங்காகக் குறைகிறது. மெல்லிய எனாமல் கம்பியை மூங்கில் சீவலால் தட்டித் தட்டிக் காடிக்குள் இறக்கினார். ஃபீல்ட் காயிலுக்கும் அதே கணக்கு. வார்னிஷில் முக்கி உலரவைத்து, கம்யூட்டேட்டரைக் கடைசல் பிடித்து, கார்பன் மாற்றினார். உள்ளே போன தாமிரத்தின் எடை முன்னிருந்த எடையேதான். முன்பு ஆறு வோல்ட்டில் 40 ஆம்பியர், இப்போது பன்னிரண்டில் 20. இரண்டும் 240 வாட். வோல்ட்டைக் கூட்டியதால் ஒரு வாட்கூட அதிகமாகப் பிறக்கவில்லை. போகிற வழியில் தொலைவதுதான் குறைந்தது. பேட்டரியிலும் இதே கதை: ஆறு வோல்ட்டில் 120 ஆம்பியர்-மணி தருகிற ஈயம் பன்னிரண்டில் 60 தரும். 2023-ல் டெஸ்லா தன் சைபர்டிரக்கின் விளக்கு, சின்னச் சின்ன மோட்டார்களின் வயரிங்கை 48 வோல்ட்டுக்குக் கொண்டுபோனதும் இதே கணக்கில்தான். ஆம்பியர் நான்கில் ஒன்றாகும், வயர் மெலியும்.

மற்ற மாற்றங்கள் சின்னவை. பல்புகள், ஹாரன், கட்-அவுட் பெட்டி பன்னிரண்டாக வேண்டும். இக்னிஷன் காயிலைப் பன்னிரண்டு வோல்ட் காயிலாக மாற்றினோம். பழையதை வைத்துக்கொள்வதானால் ஒன்றரை ஓம் ரெசிஸ்டரை முன்னால் போட வேண்டும், இல்லாவிட்டால் பாயின்ட் கருகும். பெட்ரோல் மீட்டருக்கு வோல்ட்டைக் குறைத்துத் தரும் சிறு ரெகுலேட்டர். ஆம்பியர் மீட்டருக்கு ஒன்றும் தேவையில்லை, அதற்கு எத்தனை வோல்ட் என்ற கவலையே கிடையாது. வயரிங்கைத் தொடவில்லை. ஆறுக்குப் போட்ட தடித்த வயர் பன்னிரண்டைத் தாராளமாகத் தாங்கும். வில்லிஸ் நெகட்டிவ் எர்த் என்பதால் இன்னொரு தொல்லையும் இல்லை. பழைய ஃபோர்டோ பிளிமத்தோ வைத்திருப்பவர்களுக்குப் பாசிட்டிவ் எர்த். ஆல்டர்நேட்டர் போடுவதானால் துருவத்தைத் திருப்பி, காயில் வயரையும் ஆம்பியர் மீட்டர் வயரையும் மாற்றிக் கொடுக்க வேண்டும்.

மத்திய அரசின் 2021 விதிப்படி ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியை விண்டேஜ் என்று ‘வி.ஏ.’ வரிசையில் பதிவு செய்யலாம். வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும், பெரிய மாற்றம் எதுவும் நடந்திருக்கக் கூடாது. சேஸிஸ், பாடி, எஞ்சின் மூன்றையும் விதி பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பேட்டரியைப் பற்றிப் பேச்சில்லை. விதி பேசாவிட்டாலும் எனக்கொரு நியாயம் உண்டு. மாற்றினால் திருப்பி மாற்ற முடிய வேண்டும். புதிதாக ஓர் ஓட்டைகூடப் போடாமல் வேலையை முடித்தோம். கழற்றிய பழைய காயில், கட்-அவுட், பல்புகள், ஹாரன் எல்லாம் சீட்டு ஒட்டி ஒரு தகரப் பெட்டியில் இருக்கின்றன. இந்த வண்டி அடுத்து யார் கைக்குப் போகிறதோ, அந்தப் பெட்டியும் கூடவே போகும்.

செல்ஃப் மோட்டாரை மட்டும் ஆறு வோல்ட்டாகவே விட்டிருக்கிறோம். அந்தக் கால மோட்டாரின் கனத்த தாமிரப் பட்டை பன்னிரண்டைக் கொஞ்ச நேரம் தாங்கும். ஆனால் பெண்டிக்ஸ் பல்சக்கரம் இப்போது இரண்டு மடங்கு வேகத்தில் பாய்ந்து ஃப்ளைவீல் பல்லில் மோதுகிறது, அந்தச் சத்தம் காதுக்கே தெரிகிறது. எஞ்சின் பிடித்த நொடியே காலை எடுத்துவிட வேண்டும். பிடிக்காவிட்டாலும் ஐந்தாறு விநாடிக்கு மேல் மிதிக்காமல், ஆறவிட்டு மறுபடி மிதிக்க வேண்டும். மழைக்கு முன்னால் ஃப்ளைவீல் பல்லையும் பெண்டிக்ஸ் ஸ்பிரிங்கையும் கழற்றிப் பார்க்கலாம் என்று பாய் சொல்லியிருக்கிறார். பல் உடைபட்டிருந்தால் செல்ஃபும் வைண்டிங் கடைக்குப் போகும்.