அது வந்து…

யாரையாவது நிறுத்தி, பதில் தெரியாத கேள்வி ஒண்ணு கேட்டுப் பாருங்க. "அது வந்து…"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. எதுவும் எங்கிருந்தும் வரல, ஆனா வந்துகிட்டே இருக்கும் :-) இங்கிலீஷ்ல பேசினா அதே இடத்துல 'ஆக்சுவலி' வந்து உக்காந்துக்கும்.

இங்கிலீஷ்காரங்களுக்கு வார்த்தை தேவையில்ல, சத்தமே போதும். அமெரிக்கர் 'அ', 'அம்'னு எழுதறதை பிரிட்டிஷ்காரர் 'எர்', 'எர்ம்'னு எழுதுவார். பாக்கத்தான் வேற, இங்கிலாந்துல பெரும்பாலானவங்க அந்த 'ர்'ரை உச்சரிக்கறதில்லங்கறதால ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே சத்தம். 'அ' வந்தா சின்ன இடைவெளி, 'அம்' வந்தா பெரிசுன்னு கிளார்க், ஃபாக்ஸ் ட்ரீ ரெண்டு பேரும் 2002ல ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினாங்க. அதாவது, "இருங்க, இன்னும் முடிக்கல"ங்கற சிக்னல்.

நம்ம ஏரியாவுக்கு வருவோம். இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாயால கொரியர்கள், ஒரகடத்துல 2010ல திறந்த ரெனோ-நிசான் ஆலையால ஜப்பானியர்கள், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கானால தைவான்காரங்கன்னு எல்லாரும் வந்தாச்சு. யோசிக்கும்போது கொரியர் 'கு…'ம்பார், ஜப்பானியர் 'அனோ…', சீனமொழிக்காரர் 'நெய்கெ…'. மூணுக்கும் நேர் அர்த்தம் 'அந்த', 'அது'தான்! மொழி வேற வேற, ஆனா திணறும்போது எல்லாரும் நம்மள மாதிரியே எதையோ சுட்டிக் காட்டறாங்க.

இந்த 'நெய்கெ' ஒருத்தருக்கு வம்பா போச்சு. 2020 ஆகஸ்ட்ல, கலிஃபோர்னியாவுல யுஎஸ்சி மார்ஷல் வணிகப் பள்ளில ஒரு பேராசிரியர் இதை உதாரணமா சொன்னார். கறுப்பினத்தவரை இழிவுபடுத்தற சொல் மாதிரி கேட்டுதுன்னு மாணவர்கள் புகார் குடுக்க, அந்த வகுப்புல இருந்து விலக வேண்டியதாச்சு. விதிமீறல் இல்லைன்னு அப்புறம் முடிவாச்சு. அவர் அன்னிக்கு நடத்தினதே, இந்த இழுவைச் சொற்கள் நாட்டுக்கு நாடு மாறும்ங்கற பாடம்தான். கொடுமைங்க.

இதெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் எங்க பிளேஸ்மென்ட் பயிற்சி. நாங்க பேசப் பேச, எத்தனை 'ம்ம்', எத்தனை 'ஆக்சுவலி'ன்னு போர்டுல கோடு போடறாங்க. கோடு ஏறினா 'கம்யூனிகேஷன் வீக்'. எனக்கு உடன்பாடு இல்ல. வெளிநாட்டு மேனேஜர் இழுத்தா யோசிக்கறார். வாலாஜாபாத் பையன் இழுத்தா இங்கிலீஷ் வராது. இது என்ன கணக்கு? ஒரு ஜிஎஸ்டி கேள்விக்கு "ஆக்சுவலி…"ன்னு ரெண்டு விநாடி இழுத்து சரியா சொல்றவனை விட்டுட்டு, மடமடன்னு தப்பா சொல்றவனை எடுத்தா, ரிட்டர்ன் ஃபைல் பண்றப்போ அபராதம் கட்டப்போறது அந்தக் கம்பெனிதான்.