நீரில் ஒரு கட்டுத்தறி

எனது ஊர் அரியலூரைச் சார்ந்த ஆலத்தியூர். கடலைக் காண வேண்டின் அங்கிருந்து நெடுந்தூரம் செல்லுதல் வேண்டும். ஆயினும் எம் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லை உடைப்பின், கடற்சிப்பிகள் கல்லாய்ச் சமைந்திருத்தலைக் காணலாம். ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகட்கு முன் அந்நிலம் கடலாயிருந்ததென்பர் நிலநூலோர். அகன்ற கடலைத் தேடிச் சென்றவன் யானே போலும்!

சென்னைத் துறைமுகத்தில் நண்பரொருவரின் சிறு பாய்ப்படகில் சில திங்கள் பழகினேன். சென்ற பங்குனியில் ஒரு மாலை, முதன்முறையாகத் தனியே செலுத்தினேன். செல்லுதல் எளிதாயிற்று, திரும்பிவந்து படகைக் கட்டுதலே அரிதாயிற்று.

அங்கே படகைக் கட்டுவது மிதவையில். கடலடியிற் கிடக்கும் பெரும் பாரத்தோடு சங்கிலி பிணித்து, அச்சங்கிலியின் தலையில் மிதவையை அமைத்திருப்பர். காற்றை எதிர்நோக்கி அதனை அணுகி, பாய்க்கயிற்றைத் தளர்த்த வேண்டும். பாய் காற்றை இழக்க, படகும் விரைவிழந்து மிதவையருகே நிற்கும். இருவராயின் ஒருவர் சுக்கானைப் பற்ற, மற்றவர் மிதவைக் கயிற்றை எடுப்பர். தனித்தவனோ சுக்கானை விட்டு, அணியத்திற்கு விரைந்து, தானே எடுக்க வேண்டும்.

முதன்முறை விரைந்து வந்துவிட்டேன். படகு நில்லாதிருக்கவும் கயிற்றைப் பற்றினேன். கரையில் நண்பர்கள் நோக்கி நின்றமையால் விட மனம் வரவில்லை. தோள் கழன்றுவிடும் போல் வலித்தது; உடலிற் பாதி படகிற்கு வெளியே வந்துவிட்டது. நாணத்தினும் உயிர் பெரிதென்று உணர்ந்து கைவிட்டேன். இரண்டாம் முறை அச்சத்தாற் பாயை முன்னரே தளர்த்தினேன்; மிதவைக்கு நான்கு முழம் இருக்கும்போதே படகு நின்றது; காற்று அதனைப் பின்னே தள்ளிற்று.

அப்பொழுது என் பாட்டனாரின் சொல் நினைவிற்கு வந்தது. கன்று கட்டப் பழக்கிய நாளில், "ஓடுகிற கன்றை இழுக்காதே, தம்பி. நிற்கவிட்டுக் கயிற்றைப் பிடி" என்பார். மூன்றாம் முறை, மிதவையை நோக்குவதை விடுத்து, படகு தானே எங்கு நிற்குமென்பதையே கருதி வந்தேன். அது மிதவையருகே வந்து ஓய்ந்தது. குனிந்து கயிற்றை எடுத்தேன், சிறிதும் வலிக்கவில்லை.

பட்டினப்பாலையில், உப்பை மாறி நெல்லோடு வந்த படகுகள், இலாயத்துக் குதிரைகளைப் போலத் தறிகளிற் கட்டப்பட்டிருந்தன என்கிறார் உருத்திரங்கண்ணனார். தேர்வில் அதனை உவமையணி என்று எழுதி மதிப்பெண் பெற்றவன் யான். படகும் உயிருடையது போல் அடங்க மறுக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

விடுமுறையில் இதனைப் பாட்டனாரிடம் கூறினேன். அவர் கடலைக் கண்டறியார். "மூன்றாம் முறையா, தம்பி? கன்றாயிருந்தால் அதற்குள் அடுத்தவன் வயலை மேய்ந்து முடித்திருக்கும்" என்று நகைத்தார்.