மூன்று படிகள் நான்கான கதை

பத்திரிகைத் தொழிலில் நான்கு தசாப்தங்களைக் கழித்த எனக்கு, ஒரு வீட்டின் வாசற்படியைப் பற்றி எழுத நேரும் என்று எண்ணியதில்லை. ஆனால், அண்மையில் நான்கு படிகளைக் கட்டுவதற்குப் பட்ட பாடு, ஆசிரியர் தலையங்கம் எழுதப் பட்ட பாட்டை விடப் பெரிது.

வலிகாமம் வடக்கிலுள்ள எங்கள் வீட்டை விட்டு 1990 ஜூனில் வெளியேறினோம். 2015இல் திரும்பிச் சென்று பார்த்தபோது கூரையில்லை, கதவில்லை, சுவருமில்லை. அத்திவாரமும் அதன் முன்னே மூன்று சுண்ணக்கற் படிகளும் மட்டுமே எஞ்சியிருந்தன. வீட்டிற்குள் இட்டுச் செல்லாத அந்தப் படிகளில் அக்கா நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தார்.

பின்னர் அதே அத்திவாரத்தில் சிறியதொரு வீடு எழுந்தது. பழைய கற்களைப் பெயர்த்துக் கிணற்றடியில் அடுக்கிவிட்டு, சீமெந்துக் கல்லால் படிகட்டி, மேலே பளபளக்கும் தரை ஓடு பதித்தோம். பார்த்தவர்கள் பாராட்டினார்கள். வாடைக்காற்றோடு வந்த முதலாவது கார்த்திகை மழை வேறுவிதமாகத் தீர்ப்பளித்தது. கோயிலுக்குப் புறப்பட்ட அக்கா வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அவருக்கு அப்போது வயது எழுபத்தாறு. கை பொருந்திவிட்டது, துணிவு பொருந்தவில்லை. அதன் பின்னர், மழை நாட்களில் அவர் வாசலைத் தாண்டுவதே இல்லை.

படிகளை இடித்துக் கட்டுவதென்று முடிவானதும் ஆளுக்கொரு யோசனை கிளம்பியது. கனடாவிலிருந்து மருமகன் தொலைபேசியில், "மாமா, கறுப்புக் கிறனைற் போடுங்கோ, காசைப் பற்றி யோசியாதேங்கோ" என்றான். கருங்கல் உறுதியானது என்பதில் ஐயமில்லை. ஆனால் மெருகேற்றிய கருங்கல் நனைந்தால் ஓட்டைப் போலவே வழுக்கும். வெளிப்படிக்கு அதன் முகம் தீயால் சுட்டோ உளியால் கொத்தியோ சொரசொரப்பாக்கப்பட்டிருக்க வேண்டும். மேலும், சுண்ணக்கற் பாறையின் மேல் அமைந்த எங்கள் குடாநாட்டில் கருங்கல் விளைவதில்லை, வெளியிலிருந்தே வரவேண்டும்.

எனது மனமோ கிணற்றடிக் கற்களிலேயே நின்றது. ஐயா ஏறிய படி, அம்மா கோலமிட்ட படி அல்லவா? மேசன் அவற்றைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஐயா, நடுவிலை கிண்ணம் மாதிரித் தேஞ்சு போச்சு. தண்ணி நிக்கும், பாசி பிடிக்கும். உயரமும் ஒண்டுக்கொண்டு வித்தியாசம்" என்றார். அவர் சொன்னது சரி. சுண்ணக்கல் மிதிபட மிதிபட மழமழப்பாகும். பாசியை அகற்ற அமிலம் ஊற்றினால் கல்லே கரையும்.

கடைசியில் அக்காதான் வழக்கை முடித்தார். "தம்பி, கல்லைப் பாக்கிறியள், ஓட்டைப் பாக்கிறியள். என்ர முழங்காலை ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன்!"

வெட்கப்பட்டேன். செய்தியில் சம்பந்தப்பட்டவரிடம் கேட்காமல் செய்தி எழுதாதே என்று எத்தனை இளைஞர்களுக்குப் போதித்திருப்பேன்!

அதன்பின் பொருளை விட்டு அளவிலிருந்து தொடங்கினோம். அத்திவாரம் 24 அங்குல உயரம். 8 அங்குலப் படிகள் மூன்றுக்குப் பதிலாக 6 அங்குலப் படிகள் நான்கு. கால் வைக்கும் அகலம் 13 அங்குலம். உயரத்தின் இரு மடங்கையும் அகலத்தையும் கூட்டினால் 25 வரவேண்டும் என்பது கட்டடக்காரர் அறிந்த கணக்கு. எல்லாப் படிகளும் ஒரே உயரமாக இருப்பது முக்கியம். அரை அங்குல வித்தியாசமும் காலை இடறும். நீர் வழிந்தோட, ஒவ்வொரு படியும் முன்பக்கமாக கால் அங்குலம் சரிந்தது. கடற்காற்று கம்பியை அரித்து, துருவேறிய கம்பி சீமெந்தைப் பிளக்கும் என்பதால், கம்பியின்றி மண்ணின் மேலேயே திணிவாகக் கொங்கிறீற் இட்டோம். ஈரம் காயுமுன் தும்புத்தடியால் குறுக்காக இழுத்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கினார் மேசன். ஏழு நாட்கள் ஈரச்சாக்குப் போர்த்தி நீர் தெளித்தோம். பக்கத்தில் நாகம் பூசிய குழாயில் ஒரு கைபிடி. செலவோ, மருமகன் சொன்ன கிறனைற்றில் சிறு பங்கு.

ஒருவகையில் சீமெந்தும் எங்கள் ஊர்க் கல்லின் மறுபிறப்பே. காங்கேசன்துறையில் 1950இல் தொடங்கி 1990இல் ஓய்ந்த ஆலை அரைத்ததும் இந்தச் சுண்ணக்கல்லைத்தான்.

பழைய கற்கள்? அவற்றைப் படிகளின் அருகே, வேப்பமர நிழலில் ஓர் இருக்கையாக அடுக்கினோம். கடந்த கார்த்திகையில், மழை விட்டு முற்றம் ஈரமாயிருந்த ஒரு மாலைப்பொழுதில், அக்கா கைபிடியைப் பற்றியபடி நான்கு படிகளையும் தனியே இறங்கி வந்து அந்தக் கல்லில் அமர்ந்தார். 2015இல் இருந்ததைப் போல அன்றும் அவர் ஒன்றும் பேசவில்லை. ஆனால் இம்முறை அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு வீடு இருந்தது.