முட்டைக்கு ஐந்து காசு



எங்கள் தோட்டத்து லயங்களில் முட்டை விலையைப் பற்றி முணுமுணுக்காத வீடு இல்லை. பண்ணைக்காரருக்கு முட்டை ஒன்றுக்கு அரசாங்கம் கொடுத்த 10 காசு மானியம், 2025 மே 1ஆம் தேதி 5 காசானது. ஆகஸ்டு 1இல் அதுவும் நின்றது. அதற்கு முன், 2024 ஜூன் 10ஆம் தேதி, தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து ஒரே நாளில் 3.35 வெள்ளிக்கு ஏறியது.

இது சரியென்று நான் சொன்னதற்குச் சிலர் ஏசினார்கள். நீங்களும் ஏசலாம், ஆனால் சற்றுக் கேளுங்கள். பெரிய ஓட்டலுக்கும் நமக்கும் அதே மலிவு முட்டைதான். மலிவு டீசலோ, எல்லை தாண்டிக் கடத்துபவனுக்கும் கொழுத்த லாபமானது. நம்மிடம் இருப்பதோ பெட்ரோல் மோட்டார் சைக்கிள்! கடையில் கணக்கு எழுதிச் சாமான் வாங்குகிறவர்களுக்குக் கடனைப் பற்றி நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. சம்பள நாளில் பாதிப் பணம் கடைக்காரருக்குப் போய்விடும். அரசாங்கமும் ஆண்டுதோறும் வரவுக்கு மேல் செலவழித்துக் கடன் வாங்குகிறது. வட்டியைக் கட்டப் போவது நம் பிள்ளைகள்.

ஆனால் ஒன்று. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் 42,100 கோடி வெள்ளி. முட்டையில் 5 காசு மிச்சம் பிடிக்கத் தெரிந்தவர்கள், திறப்பு விழாப் பந்தலிலும் மாலையிலும் மிச்சம் பிடிக்க வேண்டாமா?

எங்கள் பள்ளிக் கழிவறைக் கூரை ஒழுகுகிறது. எழுதிப் போட்டிருக்கிறோம். மிச்சம் பிடித்த காசில் கொஞ்சம் அங்கே வரட்டும். என் வீட்டுக்காரியின் முட்டைக் கணக்குக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.